குடிப்பவனுக்கு இட்ட பெயர்கள்

நம் வட்டம் தொடங்கிய மூன்றாம் ஆண்டில், நம்முடன் அமர்ந்து கவிதை படித்த அன்பர் ஒருவர் மறைந்தார். அவருடைய பெயரை இங்கு நான் எழுதவில்லை; பழைய உறுப்பினர்களுக்கு எழுத வேண்டியதுமில்லை. இரங்கல் தீர்மானம் எழுதும் பணி என்னிடம் வந்தது. ‘உடல்நலக் குறைவால் காலமானார்’ என்று எழுதி வாசித்தேன். சற்று நேரம் அமைதி நிலவியது. பிறகு மூத்த புலவர் ஒருவர், ‘என்ன குறைவு என்று ஊருக்கே தெரியும் ஐயா. கவிஞர் கூடிய அவை உண்மையை மறைக்கலாமா?’ என்றார். இளைய கவிஞர் ஒருவர் எழுந்து, ‘குடியும் ஒரு நோய்தானே ஐயா. தீர்மானத்தில் பொய் ஏதும் இல்லையே’ என்றார். பின்வரிசையிலிருந்து மற்றொரு குரல், ‘நோய் நம்மைத் தேடி வரும், இதை அவரல்லவா தேடிப் போனார்’ என்றது. தீர்மானம் எழுதியபடியே நிறைவேறியது. வினா மட்டும் நிறைவேறாமல் என்னுடன் வீட்டுக்கு வந்துவிட்டது.

அவ்வினா நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. குடி நோயா, அடிமைத்தனமா, ஒழுக்கக்கேடா என்று மேலைநாட்டு மருத்துவர்களும் சமயத்தாரும் வழக்குமன்றங்களும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக வாதிட்டு வந்துள்ளனர். அவ்வாதத்தின் வரலாற்றை ஓரளவு தொடர்ந்து படித்தபோது எனக்கு ஒன்று புலப்பட்டது. குடிப்பவனை என்ன செய்வது என்று யாரேனும் முடிவு செய்ய வேண்டியிருந்த இடங்களிலேயே இப்பெயர்கள் பிறந்திருக்கின்றன. தேவாலயம் ஒரு பெயர் இட்டது. மருத்துவமனை மற்றொன்று இட்டது. வழக்குமன்றமும் உதவித்தொகை அலுவலகமும் தத்தம் தேவைக்கேற்ப அவற்றைத் தேர்ந்தெடுத்தன. பெயர் மாறும்போது அவனுக்குத் திறக்கும் கதவும் மாறியது. சொல்லோடு வாழும் நமக்கு இவ்வரலாறு அயலானதாகாது.

முதலில் நம் வீட்டுப் பேழையைத் திறந்து பார்ப்போம். சங்க நூல்களில் கள், தேறல், நறவு, மட்டு, தோப்பி எனக் குடிபொருளுக்குப் பெயர்கள் மிகுதி. யவனர் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் பருகும் காட்சி புறநானூற்றில் உண்டு. அதியமான் மறைந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டிலோ, கிடைத்த கள்ளைப் புலவருக்குப் பகிர்ந்த செயலே அவன் அன்புக்கு முதற் சான்றாக நிற்கிறது. வீரனும் பாணனும் குடிக்கிறார்கள். பாட்டு அவர்கள் மகிழ்ச்சியோடு நின்றுவிடுகிறது. விட முடியாமல் அழிகிறவன் அங்கே பெரிதும் பாடுபொருளாகவில்லை. பின்னர் வந்த மணிமேகலையில், கப்பல் உடைந்து நாகர் தீவில் கரையேறிய சாதுவன், நாகர் தலைவன் அளித்த கள்ளை மறுத்து அதற்குக் காரணமும் கூறுகிறான். அறநோக்கு அங்கே உள்ளே நுழைந்துவிட்டது.

வள்ளுவர் நிலை சற்று உற்று நோக்கத்தக்கது. புலால் மறுத்தலையும் கள்ளாமையையும் அறத்துப்பாலில் துறவறத்துள் வைத்த அவர், கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில் 93ஆம் அதிகாரமாக வைத்தார். அதற்கு முன்னர் வரைவின் மகளிர், அடுத்துச் சூது, அதற்கும் அடுத்து மருந்து. பொருளையும் மதிப்பையும் அறிவையும் கரைக்கும் பழக்கங்களின் வரிசையில் கள் நின்று, மருந்துக்கு இரண்டடி முன்னால் முடிகிறது. இவ்வைப்பு முறையிலிருந்து பெரிய முடிவு எதையும் நான் கட்டமாட்டேன், உரையாசிரியர்கள் சினப்பார்கள். ஆயினும் அந்தப் பத்துக் குறள்களுக்குள்ளேயே இரண்டு குரல்கள் கேட்கின்றன. பெற்ற தாயின் முன்னும் இழிவு என்றும், நாணம் என்னும் நல்லாள் விலகிப் போவாள் என்றும் கண்டிக்கும் குரல் ஒன்று. மற்றொன்று, குடித்தவனிடம் காரணம் கூறித் திருத்த முயல்வதை, நீருக்குள் மூழ்கினவனைத் தீப்பந்தம் கொண்டு தேடுவதற்கு ஒப்பிடும் குரல். அறிவுரை எட்டாத ஆழம் ஒன்று உண்டு என்பதை அவ்வுவமை ஒப்புக்கொள்கிறது. உடனே அடுத்த குறளில், தான் தெளிந்திருக்கும் வேளையில் பிறன் குடித்துத் தடுமாறுவதைக் கண்டாவது இவன் எண்ணிப் பார்க்கமாட்டானோ என்று வினவுகிறார். மூழ்கியவனுக்கும் கரையேறும் வேளைகள் உண்டென்று அவருக்குத் தெரிந்திருந்தது.

‘குடிக்கு அடிமை’ என்பது நம் வழக்கிலுள்ள மற்றொரு பெயர். ஆங்கிலத்தின் அடிக்ட் என்னும் சொல்லும் அதே பொருளில் பிறந்தது என்பது வியப்புத் தரும். அதன் மூலம் இலத்தீனின் அடிக்டஸ். கடனைத் தீர்க்க இயலாத ஒருவனை உரோம நடுவர் கடன் கொடுத்தவன் கையில் ஒப்படைத்தால், அவ்வாறு ஒப்படைக்கப்பட்டவனுக்கு அது பெயர். 16, 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலோ அச்சொல் கல்விக்கும் இறைவனுக்கும் தன்னை ஒப்புக்கொடுத்தவனையும் குறித்தது. அன்று அது புகழ்ச்சி. தமிழில் அடிமை என்பதும் அவ்வாறே இருமுகம் உடையது. திருவெண்ணெய்நல்லூர் அவையில் பாட்டனார் எழுதிய ஓலையைக் காட்டி, ‘இவன் எனக்கு அடிமை’ என்று வழக்கு வென்ற முதியவர் கதையைப் பெரியபுராணம் படித்தவர் அறிவர். சுந்தரர் அவையால் ஒப்படைக்கப்பட்டவர். பின்னர்த் தம்மை ஒப்புக்கொடுத்தவர். இறைவனிடத்தில் இவ்விரண்டும் ஒன்றாய்க் கலப்பது பக்தி. சாராயத்திடத்தில் கலந்தால் அதை என்னவென்பது? ஒப்படைக்கப்பட்டவனா, ஒப்புக்கொடுத்தவனா என்னும் இந்த ஐயத்தைச் சுற்றியே மேலைநாட்டு வரலாறு முழுவதும் சுழல்கிறது.

இங்கிலாந்தில் 1606-இல் இயற்றப்பட்ட சட்டம் குடிவெறியை அருவருக்கத்தக்க பாவம் என்று தலைப்பிலேயே கூறியது. தண்டனை ஐந்து ஷில்லிங். கொடுக்க இயலாதவனுக்கு ஆறு மணி நேரம் தொழுமரம். அங்கே ஐயத்துக்கு இடமில்லை. ஐயம் எழுந்தது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில். 1776-இல் அமெரிக்க விடுதலைச் சாற்றுரையில் கையெழுத்திட்டவர்களுள் ஒருவரான பிலடெல்பியா மருத்துவர் பெஞ்சமின் ரஷ், 1784-இல் வடித்த சாராயங்களின் விளைவுகளைப் பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டார். பிற்பதிப்பில் அதனுடன் ஒரு வெப்பமானிப் படம் சேர்க்கப்பட்டது. உச்சியில் தண்ணீர், கீழே இறங்க இறங்கச் சாராய வகைகள். அருகில் தீயொழுக்கங்கள், நோய்கள், தண்டனைகள் என மூன்று பத்திகள். ஒரு படியில் கைநடுக்கம் என்றால் அடுத்த பத்தியில் கடன், சிறை. அடிமட்டத்தில் சாவும் தூக்குமரமும். நோய் என்னும் எண்ணத்தைப் பரப்பிய முன்னோடி என்று ரஷ்ஷைக் கொண்டாடுகிறார்கள். ஆனால் அவர் படத்தில் நோயும் பாவமும் தண்டனையும் ஒரே பாதரசக் குழாயில் ஏறி இறங்குகின்றன. அவற்றைப் பிரித்தெடுக்க அவருக்கு மனம் வரவில்லை. இன்றுவரை நமக்கும் வரவில்லை என்றே சொல்வேன்.

ஸ்காட்லாந்துக்காரரான தாமஸ் டிராட்டர் இன்னும் ஓரடி முன்சென்றார். அவர் கடற்படை மருத்துவர். 1788-இல் எடின்பரோவில் குடிவெறி பற்றிய ஆய்வுரைக்காக மருத்துவப் பட்டம் பெற்றார். 1804-இல் அதை ஆங்கிலத்தில் விரித்து நூலாக்கினார். குடிப்பழக்கம் மனத்தின் நோய் என்று அதில் எழுதினார். குருமார் சபிக்கிறார்கள், ஒழுக்கம் பேசுவோர் இடித்துரைக்கிறார்கள், மருத்துவன் மட்டும் இதைக் கவனியாது விட்டுவிட்டான் என்பது அவர் மனக்குறை. நோயாளியின் நம்பிக்கையைப் பெறாமல் மருத்துவன் எதையும் செய்ய இயலாது என்றும் கண்டார். இவரைப் பற்றிய மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. இளமையில் புரூக்ஸ் என்னும் அடிமைக் கப்பலில் மருத்துவராகச் சென்றவர் இவர். அங்குக் கண்ட கொடுமைகளை 1790-இல் பிரித்தானியப் பாராளுமன்றக் குழுவின் முன் சாட்சியமாக உரைத்தார். விலங்கிட்ட மனிதர்களைக் கண்ணால் கண்டவர், விலங்கின்றியே கட்டுண்டவர்களைப் பற்றி எழுதினார்.

ஆல்ககாலிசம் என்னும் சொல்லைத் தந்தவர் சுவீடன் நாட்டு மருத்துவர் மாக்னஸ் ஹுஸ்; ஆண்டு 1849. வீடுதோறும் சாராயம் காய்ச்சிய நாடு அது. 1855-இல்தான் அங்கு வீட்டுக் காய்ச்சல் தடுக்கப்பட்டது. ஹுஸ் தம் மருத்துவமனைக் கட்டில்களில் கண்டது நடுங்கும் கைகளையும் மரத்த கால்களையும் கலங்கிய மூளைகளையும். நெடுநாள் நஞ்சேறியதால் உடலில் விளைந்த கேட்டுக்கே அவர் அப்பெயரை இட்டார். குடிக்க வேண்டும் என்னும் வேட்கைக்கு அன்று. பின்வந்தோர் அச்சொல்லை எடுத்து, வேட்கைக்கும் விளைவுக்கும் பொதுவாக்கிவிட்டனர். கல்லீரல் கெடுவது நோய் என்பதில் யாருக்கும் வழக்கில்லை. கெடும் என்று தெரிந்தும் கை கோப்பைக்கு நீள்கிறதே, அது நோயா என்பதுதான் வழக்கு. ஒரே சொல் இரண்டுக்கும் நிற்பதால் நம் வாதங்கள் பல, எதிராளி இல்லாத இடத்தில் வாள் வீசுவதாய் முடிகின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியை விரைந்து கடந்துவிடலாம். 1840-இல் பால்டிமோர் நகரத்து மதுக்கடை ஒன்றில் அறுவர் கூடி, இனிக் குடிப்பதில்லை என்று உறுதிமொழி எழுதினர். அவ்வியக்கம் காட்டுத்தீயாய்ப் பரவிச் சில ஆண்டுகளில் அணைந்தது. 1864-இல் நியூயார்க் மாநிலத்தில் பிங்ஹாம்டன் என்னும் ஊரில் குடிநோயாளருக்கென்றே ஒரு பெரிய விடுதி திறந்தார்கள். இருபது ஆண்டு முடியுமுன் அது மனநோய் மருத்துவமனையாக மாறிவிட்டது. 1920 முதல் 1933 வரை அமெரிக்கா மதுவையே குற்றவாளியாக்கிப் பார்த்தது. தடை நீங்கிய பின் மது மீண்டும் நல்ல பொருளாயிற்று. அப்படியாயின் கேடு குடிப்பவர் சிலரிடத்தில்தான் இருக்க வேண்டும் என்னும் எண்ணம் வலுத்தது. 1935-இல் ஓஹையோ மாநிலத்து ஏக்ரன் நகரில், பங்குத் தரகர் ஒருவரும் அறுவை மருத்துவர் ஒருவரும் தாம் குடியை விட்ட கதையை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில் ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ் பிறந்தது. அங்கே ஒருவர் தம்மை நோயுற்றவர் என்றும் சொல்லிக்கொள்வார். தாம் தீங்கிழைத்தோர் பட்டியலை எழுதி ஈடுசெய்யவும் முற்படுவார். ஏரணப்படி இவ்விரண்டும் பொருந்தா. நடைமுறையில் பலருக்குப் பொருந்தியிருக்கின்றன.

நோய்க் கொள்கைக்கு அறிவியல் உடை தைத்தவர் ஜெல்லினெக். 1946-இல் அவ்வியக்கத்தின் இதழ் வழியாகப் பெற்ற வினாப்படிவங்களுள் 98-ஐக் கொண்டு, குடிநோயின் படிநிலைகளை வகுத்தார். பெண்கள் அளித்த விடைகள் ஆண்களுடையவற்றிலிருந்து வேறுபட்டமையால் அவற்றை விலக்கிவிட்டார். பல்லாண்டு பாடப்புத்தகங்களில் இடம்பெற்ற வரைபடத்துக்குத் தொடக்கம் இவ்வளவே. 1956-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம், குடிநோயாளரைப் பிற நோயாளர் போலவே மருத்துவமனைகள் ஏற்க வேண்டும் என்று தீர்மானம் இயற்றியது. அதுவரை பல மருத்துவமனைகள் அவர்களை வாயிலிலேயே திருப்பி அனுப்பின. 1960-இல் வெளிவந்த தம் நூலில் ஜெல்லினெக், குடிப்போரை ஐந்து வகையாகப் பிரித்து, இரண்டு வகையினரையே நோயாளர் என்றார். நோய் என்பது எது என்று கேட்டதற்கு, மருத்துவத் துறையினர் எதை நோய் என்று ஏற்கிறார்களோ அதுவே நோய் என்று வெளிப்படையாகவே எழுதினார். இலக்கணத்தில் ‘உயர்ந்தோர் வழக்கு’ என்கிறோமே, அது போன்றது.

இனி, இவ்வரலாற்றில் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்த வழக்குக்கு வருகிறேன். 1966 டிசம்பரில் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில், பொது இடத்தில் குடித்திருந்ததாக லீராய் பவல் என்பவர் கைது செய்யப்பட்டார். மதுக்கடை ஒன்றில் காலணி துடைப்பவர். வாரம் ஏறத்தாழ 12 டாலர் ஈட்டி, அதைத் திராட்சை மதுவுக்கே செலவிடுபவர். குடும்பம் உண்டு, அதற்கு அவரால் ஒரு காசும் இல்லை. 1949 முதல் ஏறத்தாழ நூறு முறை இதே குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர். முதல் மன்றம் 20 டாலர் தண்டம் விதித்தது. மேல்முறையீட்டில் அது 50 ஆயிற்று. வழக்கறிஞர் வாதம் எளியது: குடிநோயாளி குடிப்பது நோயின் அறிகுறி, அறிகுறிக்கு ஒருவனைத் தண்டிக்கலாமா? நான்கு ஆண்டுகளுக்கு முன், 1962-இல், போதை மருந்துக்கு அடிமையாயிருக்கும் நிலையையே குற்றமாக்கிய கலிபோர்னியச் சட்டத்தை உச்சநீதிமன்றம் செல்லாதென்றது. சளி பிடித்த குற்றத்துக்கு ஒரு நாள் சிறை விதித்தாலும் அது கொடுமையே என்பது அத்தீர்ப்பின் கருத்து.

பவலை ஆய்ந்த மனநல மருத்துவர், அவர் நாட்பட்ட குடிநோயாளி என்றும், குடிக்கத் தொடங்கிவிட்டால் தம்மைக் கட்டுப்படுத்த இயலாதவர் என்றும் சாட்சியம் அளித்தார். குறுக்கு விசாரணையில், முதற் கோப்பையை எடுக்கும்போது அவர் தெளிவோடு இருக்கிறாரே, அது அவர் விருப்பந்தானே என்று கேட்டபோது, விருப்பமே எனினும் ஏதோ ஒன்று உந்துகிறது என்ற அளவில் மருத்துவர் நின்றார். பிறகு பவலே கூண்டில் ஏறினார். விசாரணை நாளன்று காலை எட்டு மணிக்கு ஒரே ஒரு கோப்பை குடித்துவிட்டு வந்திருந்தார். அரசு வழக்கறிஞர் அதைப் பிடித்துக்கொண்டார். குடிக்க விரும்பித்தானே குடித்தீர்? ஆம். மேலும் குடித்தால் வெறி ஏறும் என்று தெரியுந்தானே? தெரியும், ஆனால் வழக்குக்கு வரவேண்டியிருந்தது, ஆகையால் அந்த ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன் என்றார் பவல். அரசுத் தரப்புக்கு அது வெற்றி: ஒன்றோடு நிறுத்த முடிந்தவனுக்கு நோயேது? பின்னர் அவருடைய வழக்கறிஞர் கேட்டபோது வேறொன்றும் வெளிப்பட்டது. அந்த ஒரு கோப்பையும் யாரோ கொடுத்தது. கையில் காசிருந்தால் அவர் நிறுத்தியிருப்பாரோ என்பது யாருக்குத் தெரியும்!

அந்தக் காலை எட்டு மணிக் கோப்பையைப் பற்றி நான் பலமுறை எண்ணியிருக்கிறேன். வழக்கு நாளிலும் ஒரு கோப்பை இன்றி அவரால் வர இயலவில்லை; வழக்கு நாள் என்பதால் ஒன்றோடு நிறுத்தவும் இயன்றது. இரண்டும் அதே காலையில், அதே மனிதரிடத்தில். மருத்துவருக்கு முதற்பாதி போதும், அரசு வழக்கறிஞருக்குப் பிற்பாதி போதும்.

1968 ஜூனில் உச்சநீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் பவலுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நீதிபதி தர்குட் மார்ஷல் எழுதிய கருத்துரையைக் கல்நெஞ்சக்காரர் எழுத்தென்று தள்ளிவிட முடியாது. கறுப்பின மக்களின் உரிமைக்காக வாழ்நாளெல்லாம் வழக்காடியவர் அவர். நோய் என்றால் என்ன என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே உடன்பாடில்லை என்றார். பவல் போன்றோரை ஏற்று மருத்துவம் செய்யப் போதிய இடங்கள் நாட்டில் இல்லை என்றார். மூன்றாவதாக அவர் கூறியதுதான் கூர்மையானது: சிறைத்தண்டனைக்காவது ஒரு முடிவு நாள் உண்டு, நோயாளி என்று பெயரிட்டு மருத்துவத்தின் பெயரால் அடைத்துவைத்தால், குணமாகும் வரை என்று எல்லையின்றி அது நீளக்கூடும். பெயரை மாற்றிவிட்டால் கருணை தானே வந்துவிடும் என்று நம்பும் நமக்கு இது நல்ல எச்சரிக்கை. ஐந்தாம் வாக்கை அளித்த பைரன் வைட், அடக்க இயலாத வேட்கை உடையவன் குடிப்பதைத் தண்டிப்பது பொருந்தாது என்றே கருதினார். ஆயினும் பொது இடத்துக்கு வராமலிருக்கப் பவலால் இயலவில்லை என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறி எதிர்த்தரப்பில் சேர்ந்தார். வீட்டில் குடிப்பவனுக்கு ஒரு நீதி, வீடில்லாதவனுக்கு ஒரு நீதி ஆகிவிடுமே என்னும் கவலை அவர் எழுத்திலேயே இருக்கிறது.

இருபது ஆண்டு கழித்து, 1988 ஏப்ரலில், அதே வைட் எழுதிய மற்றொரு தீர்ப்பு வந்தது. படையிலிருந்து நற்சான்றோடு விலகிய டிரேனர், மக்கெல்வி என்னும் இருவர், கல்வி உதவித்தொகை பெறும் பத்தாண்டுக் கெடுவைக் குடிநோய் காரணமாகத் தவறவிட்டோம், நீட்டித்துத் தாருங்கள் என்று கேட்டனர். உடற்குறை காரணமெனில் நீட்டிப்பு உண்டு. வேண்டுமென்றே செய்த தீயொழுக்கம் காரணமெனில் இல்லை. மனநோயால் குடிகாரனானவன் நோயாளி, அவ்வாறின்றிக் குடிகாரனானவன் வேண்டுமென்றே கெட்டவன் என்பது அந்தத் துறையின் விதி. டிரேனர் குடிக்கத் தொடங்கியபோது அவருக்கு எட்டு அல்லது ஒன்பது வயது. எட்டு வயதுச் சிறுவன் வேண்டுமென்றே செய்த தீயொழுக்கம்! நால்வருக்கு மூவர் என்ற கணக்கில் விதி நிலைத்தது. குடிநோய் நோயா இல்லையா என்பதைத் தீர்ப்பது எங்கள் பணியன்று என்று நீதிமன்றம் தெளிவாகவே கூறி விலகிக்கொண்டது. அதே ஆண்டு இறுதியில் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தியது. கல்வி உதவித்தொகைக் கெடுவைப் பொறுத்த அளவில், நாட்பட்ட குடிநோயின் விளைவுகள் தீயொழுக்கத்தால் வந்தனவாகக் கருதப்படமாட்டா என்பது அத்திருத்தம். அந்த ஓர் உதவித்தொகைக்கு மட்டும் அது நோய்!

மருத்துவர்களும் இதற்கிடையில் சும்மா இருக்கவில்லை. 1948-இல் கோபன்ஹேகனில் டைசல்ஃபிரம் என்னும் மருந்தின் இயல்பு வெளிப்பட்டது. வேறு நோய்க்காக ஆராய்ந்த அம்மருந்தைத் தாமே உட்கொண்ட ஆய்வாளர்கள், அதன்பின் மது அருந்தியபோது முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டல் கொண்டனர். மாத்திரை உருவில் வந்த பிரம்பு அது. நோய்க் கொள்கையினர் கையில் ஒழுக்கக் கொள்கையின் கருவி. 1962-இல் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையின் டேவிஸ், தாம் தொடர்ந்து கவனித்த 93 பேருள் எழுவர் அளவோடு குடிக்கும் நிலைக்குத் திரும்பினர் என்று எழுதப் பெரும் பூசல் மூண்டது. 1985-இல் அந்த எழுவரை மீண்டும் தேடிப் பார்த்த எட்வர்ட்ஸ், ஐவர் பின்னர்க் குடியால் துன்புற்றிருந்ததைக் கண்டார். இரு தரப்பும் தம் வாதத்துக்கு இதில் சான்று எடுத்துக்கொண்டன. நாட்பட்ட குடியர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும், வலிப்பும், இல்லாததைக் காணும் மயக்கமும் வந்து, மருத்துவம் இல்லையேல் உயிரும் போகலாம் என்பது ஐயமற்ற உண்மை. சோம்பேறிக்கும் பொய்யனுக்கும் அவ்வாறு நேர்வதில்லை. இரட்டையர் ஆய்வுகள் இந்நாட்டத்தில் ஏறத்தாழப் பாதி பிறப்போடு வருவது என்கின்றன. அதாவது மற்றப் பாதி அவ்வாறு வருவதன்று. 2013 முதல் அமெரிக்க மனநலக் கையேட்டில் ஆல்ககாலிசமும் இல்லை, அடிமையும் இல்லை; மதுப் பயன்பாட்டுக் கோளாறு என்று பெயர்; அதற்கும் குறைவு, நடுத்தரம், கடுமை எனப் படிகள். பெயரிட்டுப் பெயரிட்டுச் சலித்தவர்களின் சொல்லாக அது எனக்குப் படுகிறது.

நம் நாட்டில் இவ்வினாவுக்கு மற்றொரு முகம் உண்டு. இங்கே அரசே கடைக்காரர். 1937 அக்டோபர் 1-இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1971-இல் அது நீங்கியது, 1974-இல் திரும்பியது, 1981-இல் மீண்டும் தளர்ந்தது. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் தோன்றியது. 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. மது நாட்டுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் கேடு என்று நெடுங்காலம் புட்டிமேல் அச்சிட்டார்கள். பின்னர் உடல்நலத்துக்குக் கேடு என்னும் வாசகம் வந்தது. நாடும் வீடும் உதிர்ந்து உடல் மட்டும் நின்றது. ஒழுக்கத்திலிருந்து மருத்துவத்துக்கு நகர்ந்த நெடும்பயணத்தை ஒரு புட்டியின் சீட்டில் படிக்கலாம். 2020 மார்ச்சில், ஊரடங்கால் கடைகள் மூடியபோது, மது கிடைக்காமல் உயிரை மாய்த்துக்கொண்டோர் பற்றிய செய்திகள் கேரளத்தில் வந்தன. மருத்துவர் சீட்டுப் பெற்றவருக்கு மது வழங்கலாம் என்று அம்மாநில அரசு ஆணையிட்டது. மருத்துவர் சங்கங்கள் எதிர்த்தன. ஏப்ரல் தொடக்கத்தில் உயர்நீதிமன்றம் ஆணையை நிறுத்திவைத்தது. நோய் என்றால் மருந்து எங்கே என்னும் கேள்விக்கு, நோய்க்குக் காரணமானதையே மருந்தாக எழுதச் சொன்ன விந்தை அது.

நோய் என்னும் பெயரை நான் கைவிட விரும்பவில்லை. மருத்துவமனை வாயிலைத் திறந்த பெயர் அது. 1980-இல் சென்னையில் சாந்தி ரங்கநாதன், குடியால் கணவரை இழந்த துயரிலிருந்து தொடங்கிய சிகிச்சை நிலையம் எத்தனை குடும்பங்களுக்குக் கதவாயிற்று என்பதைப் பலர் அறிவர். ‘பாவி’ என்னும் சொல்லால் அக்கதவு திறந்திராது. ஆயினும் அப்பெயர் மற்றொரு வாயை மூடவும் பயன்படுகிறது. ‘அவர் நோயாளி அம்மா, நீதான் பொறுத்துப்போக வேண்டும்’ என்று அடிபட்டவளிடம் சொல்லும் உறவினரை நாம் கண்டதில்லையா? குடி என்னும் ஒரே சொல் தமிழில் பழக்கத்தையும் குடும்பத்தையும் குறிப்பது தற்செயலாகலாம். குடி குடியைக் கெடுக்கும் என்று சொன்னவன், எதற்கும் பெயரிடாமல், நடப்பதை மட்டும் சொன்னான். மூன்றில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டுமெனில் நான் அடிமை என்பதையே எடுப்பேன். ஒப்படைக்கப்பட்ட நிலையையும் ஒப்புக்கொடுத்த செயலையும் அது ஒருங்கே தாங்குகிறது. அடிமைக்கு விடுதலை உண்டு என்பதையும் அது மறுப்பதில்லை.

இம்மலருக்காக மறைந்த உறுப்பினர்கள் பற்றிய குறிப்புகளைத் தொகுத்தபோது, அன்பரின் துணைவியாரைக் காணச் சென்றேன். ‘உடல்நலக் குறைவால்’ என்பதை அப்படியே விடலாமா, மாற்றலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் சினம் கொள்ளவில்லை. ‘எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள் அண்ணா. கடைசி எட்டு மாதம் அவர் தொடவே இல்லை. அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்’ என்றார். கல்லீரல் அதற்கு முன்பே கைவிட்டிருந்தது. அந்த எட்டு மாதத்தில் அவர் எழுதிய மூன்று கவிதைகளையும் அப்போதுதான் எடுத்துக் கொடுத்தார். அவை இம்மலரில் அவர் குறிப்புக்குக் கீழே, எழுதிய நாளோடு இடம்பெறுகின்றன.